விதிவிலக்கு எந்த விதியை மெய்ப்பிக்கிறது?

மார்ச் 3, காலை 10.15 (வாசகர் ஒருவரின் கேள்வி)

விவாதத்தில் தோற்கப்போகிறவர் கடைசியாகக் கையில் எடுக்கும் ஆயுதம், 'விதிவிலக்கு விதியை நிரூபிக்கிறது' என்னும் ஆங்கிலப் பழமொழி. அவர் சொன்னதற்கு எதிரான சான்று ஒன்றைக் காட்டினால், அந்தச் சான்றே தம் கூற்றை உறுதிப்படுத்துகிறது என்று சொல்லி எழுந்துவிடுகிறார். இது எப்படிப் பொருந்தும்? 'புரூவ்' என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் சோதித்தல் என்றே பொருள் என்றும், ஆகவே 'விதிவிலக்கு விதியைச் சோதிக்கிறது' என்பதே பழமொழியின் உண்மைப் பொருள் என்றும் ஒருவர் எனக்கு விளக்கினார். இது சரிதானா?

மார்ச் 3, இரவு 9.40

சரிதான். 'புரூவ்' என்ற வினைக்கு இன்று நிரூபித்தல் என்ற பொருளே முன்னால் வந்து நின்றாலும், முற்கால வழக்கில் சோதித்துப் பார்த்தல் என்ற பொருளும் நன்றாகவே வேரூன்றியிருந்தது. அச்சுப் பணியில் 'புரூஃப் பார்ப்பது' என்கிறோம். அந்தத் தாள் எதையும் நிரூபிப்பதில்லை, பிழை உண்டா என்று சோதிப்பதற்காகவே எடுக்கப்படுகிறது. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில், தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 5ஆம் அதிகாரம் 21ஆம் வசனத்தில் இதே 'புரூவ்' என்ற வினைதான் இருக்கிறது. தமிழ் விவிலியம் அவ்வசனத்தை 'எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்' என்கிறது. அமெரிக்க எழுத்தாளர் ஆம்புரோஸ் பியர்ஸ், 1911இல் வெளியான தமது நையாண்டி அகராதியில், இப்பழமொழியை அறியாதவர்கள் கிளிப்பிள்ளைபோல் ஒருவரிடமிருந்து ஒருவர் கேட்டுச் சொல்லித் திரிகிறார்கள் என்று ஏளனம் செய்துவிட்டு, இலத்தீன் மூலத்தில் அது சோதித்தலையே குறிக்கும் என்று தீர்த்துச் சொல்லியிருக்கிறார். இருபது ஆண்டுகளாக நானும் இந்த விளக்கத்தையே சொல்லிவருகிறேன். ஐயம் வேண்டாம்.

மார்ச் 4, காலை 7.05

இலத்தீன் வாக்கியத்தை முழுவதும் படித்துப் பார்த்தீர்களா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். படித்ததில்லை. படித்துவிட்டு எழுதுகிறேன்.

மார்ச் 4, இரவு 11.20

நேற்று எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அதை அழிக்கப்போவதில்லை, 'ஐயம் வேண்டாம்' என்ற சொற்கள் உட்பட அப்படியே கிடக்கட்டும்.

பழமொழி என்று நாம் சொல்லிக்கொண்டிருப்பது பாதி வாக்கியம். சட்ட அறிஞர்கள் வழங்கிய இலத்தீன் வடிவம் இது: 'எக்செப்தியோ புரோபாத் ரேகுலம் இன் காசிபுஸ் நோன் எக்செப்தீஸ்.' விலக்கு என்பது, விலக்கப்படாத நேர்வுகளில் விதியை நிலைநாட்டுகிறது என்பது இதன் பொருள். 'புரோபாரே' என்ற இலத்தீன் வினைக்குச் சோதித்தல், ஏற்றல், நிலைநாட்டல் ஆகிய பொருள்கள் உண்டு என்பதால் அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு வழக்கை முடிக்க இயலாது. முடித்துவைப்பது அந்த வால்தான். சோதித்தல் என்ற பொருளை இட்டு வாக்கியத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள்: 'விலக்கு, விலக்கப்படாத நேர்வுகளில் விதியைச் சோதிக்கிறது.' எதிர்ச்சான்று என்றால் அது தான் நிற்கும் இடத்தில் அல்லவா விதியைச் சோதிக்க வேண்டும்? தனக்குத் தொடர்பே இல்லாத ஏனைய இடங்களுக்குப் போய் எதைச் சோதிக்கப்போகிறது? நிலைநாட்டுதல் என்று கொண்டால் வாக்கியம் சட்டென்று நேராக நிற்கிறது. ஓரிடத்திற்கு விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது என்ற செய்தியிலிருந்தே, மற்ற இடங்களில் ஒரு விதி நடப்பில் இருக்கிறது என்பதை நாம் அறிந்துகொள்கிறோம்.

இந்த வாதத்தின் பழைய புகழ்பெற்ற எடுத்துக்காட்டு உரோமை வழக்கறிஞர் சிசரோவினுடையது. கி.மு. 56இல், இன்றைய ஸ்பெயினில் உள்ள காதிஸ் நகரில் பிறந்து தளபதி பொம்பியால் உரோமைக் குடியுரிமை பெற்ற பால்பஸ் என்பவர்மீது, அந்தக் குடியுரிமை செல்லாது என்று வழக்குத் தொடுத்தார்கள். சிசரோ அவருக்காக வாதாடினார். சில இனத்தாரோடு உரோமை செய்துகொண்ட உடன்படிக்கைகளில், அவர்களில் எவரையும் குடிமகனாக ஏற்கலாகாது என்று தனியே எழுதப்பட்டிருப்பதை எதிர்த்தரப்பு சுட்டிக்காட்டியபோது, அதையே அவர் தமக்குச் சாதகமாகத் திருப்பினார். விலக்கு எழுதப்பட்ட இடத்தில் கூடாது என்று ஆகிறதென்றால், விலக்கு எழுதப்படாத இடத்தில் கூடும் என்பது தானே பெறப்படும் என்றார். காதிஸோடு செய்த உடன்படிக்கையில் அத்தகைய வரி இல்லை. வழக்கு வென்றது. அந்தப் பால்பஸ் கி.மு. 40இல் உரோமையின் ஆட்சித்தலைவர்களுள் ஒருவராகவும் ஆனார். அயல்மண்ணில் பிறந்து அப்பதவிக்கு வந்த முதல் மனிதர் அவரே.

மார்ச் 5, மாலை 6.30

'அப்படியென்றால் நடைமுறையில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்லுங்கள், உரோமையை விட்டு வெளியே வாருங்கள்' என்று கேள்வி கேட்டவரே எழுதியிருக்கிறார். நியாயமான கோரிக்கை. என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன்.

நான் குடியிருக்கும் கட்டடத்தின் லிஃப்ட் கதவருகே ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. 'சனிக்கிழமைகளில் மட்டும் லிஃப்டில் வீட்டுச் சாமான்களை ஏற்றலாம்' என்பது அதிலுள்ள செய்தி. சென்ற ஆண்டு ஒரு புதன்கிழமை, ஆளுயரப் புத்தக அலமாரி ஒன்றை அந்த லிஃப்டுக்குள் பாதி நுழைத்துவிட்ட நிலையில், காவலர் வந்து தடுத்தார்.

"சார், சனிக்கிழமைன்னுதானே போட்டிருக்கு."

"புதன்கிழமை கூடாதுன்னு எங்கண்ணே போட்டிருக்கு?"

அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அலமாரியை வெளியே இழுத்தார். இலத்தீன் தெரியாத அவர் பழமொழியைச் சரியாகப் புரிந்துவைத்திருந்தார். இருபது ஆண்டுகளாக அதை ஊருக்கு விளக்கிவந்த நான் அலமாரியைக் கழற்றி, பலகை பலகையாக நான்கு மாடிக்குச் சுமந்தேன்.

மார்ச் 5, இரவு 8.10

ஒரு மறுப்பு வந்திருக்கிறது, கூர்மையான மறுப்பு. அந்தத் தாளில் 'மட்டும்' என்ற சொல் இருக்கும்போது, பிற நாள்களில் கூடாது என்பது வெளிப்படையாகவே சொல்லப்பட்டுவிடுகிறது. உய்த்துணர்வதற்கு அங்கே எதுவும் மிச்சமில்லை. ஆகவே எடுத்துக்காட்டு பொருந்தாது என்கிறார். ஒப்புக்கொள்கிறேன். 'மட்டும்' என்பது விதியையும் விலக்கையும் ஒரே மூச்சில் சொல்லிவிடும் சொல். வேறு எடுத்துக்காட்டுத் தேட வேண்டும்.

மார்ச் 6, காலை 8.50

வேறு தேட வேண்டியதில்லை. இன்று காலை கீழே இறங்கியபோது அந்தத் தாளின் முன் நின்று, எழுத்தெழுத்தாகப் படித்தேன். அதில் இருப்பது இதுதான்: 'சனிக்கிழமைகளில் லிஃப்டில் வீட்டுச் சாமான்களை ஏற்ற அனுமதி உண்டு.'

'மட்டும்' அங்கே இல்லை. ஓராண்டாக அந்தத் தாளை நாள்தோறும் கடந்துபோயிருக்கிறேன், அதன் பொருட்டு ஒருவரோடு வாதாடியிருக்கிறேன், நேற்று அதை மேற்கோளாகவும் எழுதினேன். எழுதப்படாத ஒரு சொல்லை என் நினைவு தானாகவே கொண்டுவந்து வைத்துவிட்டது. சனிக்கிழமை அனுமதி உண்டு என்று ஒருவர் மெனக்கெட்டுத் தட்டச்சு செய்து ஒட்டியிருக்கிறார் என்றால், மற்ற நாள்களில் அனுமதி இல்லாமல்தான் இருக்க வேண்டும். எல்லா நாளும் ஏற்றலாம் என்றால் இந்தத் தாளுக்கே வேலை இல்லை. இந்த ஊகம் எவ்வளவு வேகமாக நடக்கிறதென்றால், ஊகித்தோம் என்ற நினைவே எஞ்சாமல், படித்தோம் என்றே பதிந்துவிடுகிறது. நேற்று மறுப்பு எழுதியவருக்கு நன்றி. அவர் கேட்காமலிருந்தால் நான் தாளைப் பார்த்திருக்க மாட்டேன்.

மார்ச் 6, இரவு 10.00

ஒரு திருத்தம். சிசரோ இந்தப் பழமொழியைச் சொன்னார் என்று மேலே எழுதியதாகச் சிலர் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் பயன்படுத்தியது வாதத்தை. 'புரோபாத் ரேகுலம்' என்ற சொற்கோவை அவருடையதன்று. அது பிற்காலச் சட்ட அறிஞர்களிடையே உருப்பெற்றது. ஆங்கிலேயச் சட்ட அறிஞர் பிரான்சிஸ் பேக்கன் 1623இல் இலத்தீனில் வெளியிட்ட நூலில் இதற்கு இன்னும் துல்லியமான ஒரு வடிவம் இருக்கிறது: விலக்கு, விலக்கப்படாத நேர்வுகளில் சட்டத்தின் வலிமையைக் கூட்டுவதைப்போல, ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு எண்ணிச் சொல்லுதல், அப்பட்டியலில் எண்ணப்படாத நேர்வுகளில் அதன் வலிமையைக் குறைக்கிறது. பின்பாதியை மறந்துவிடாதீர்கள். அதற்குத் திரும்பி வர வேண்டியிருக்கும்.

பேக்கன் பயன்படுத்திய வினை 'ஃபிர்மாத்', அதாவது உறுதியாக்குகிறது. அந்த வினையில் சோதித்தல் என்ற பொருளுக்கு இடமே இல்லை. சோதனைக் கட்சிக்கு இது கடைசி ஆணி என்று கருதுகிறேன். ஆனால் மூன்று நாளுக்கு முன் நான் எதை எதையெல்லாம் கருதினேன் என்பதும் மேலே இருக்கிறது.

மார்ச் 8, இரவு 9.15

இரண்டு நாளாக மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

இளம் வயதில் ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் மெய்ப்புத் திருத்துபவனாக இருந்தேன். என்னைவிட முப்பது வயது மூத்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அங்கே இருந்தார். ஒரு சட்டக் கட்டுரையில் இந்த ஆங்கிலத் தொடர் வந்தது. அவர் அதை 'விலக்குக் கூறியதனாலேயே விதி பெறப்படும்' என்று எழுதியிருந்தார். நான், அப்போதுதான் புதிதாகக் கற்றிருந்த சோதனை விளக்கத்தின் உற்சாகத்தில், அந்த வரியை அடித்துவிட்டு 'விதிவிலக்கு விதியைச் சோதிக்கும்' என்று மேலே எழுதினேன். அப்படியே அச்சாயிற்று. அச்சுப் பிரதியைப் பார்த்த அவர் கோபப்படவில்லை. "தம்பி, எய்தியது விலக்கல்னு நீங்க படிச்சதில்லையா?" என்று மட்டும் கேட்டார். மூத்தவர்களுக்கே உரிய முணுமுணுப்பு என்று அதை ஒதுக்கிவிட்டேன். அவர் என்ன சொன்னார் என்பது நேற்று முன்தினம்தான் எனக்கு விளங்கியது.

இலக்கண உரைகளைப் படித்தவர்களுக்கு இத்தொடர் பழக்கமானது. ஒரு நூற்பா என்ன வேலை செய்கிறது என்பதை உரையாசிரியர்கள் சுருக்கமாகக் குறிக்கும்போது, 'எய்தாதது எய்துவித்தது' என்பார்கள், 'எய்தியது விலக்கிற்று' என்பார்கள். எய்தியது என்றால், முன்பே ஒரு விதியால் வந்து சேர்ந்தது. வந்து சேராத ஒன்றை விலக்குவதற்கு வழியில்லை. ஆகவே ஒரு நூற்பா எதையோ விலக்குகிறது என்றால், அதை வந்து சேரவைத்த பொதுவிதி ஒன்று எங்கோ இருந்தாக வேண்டும். 'வினைத்தொகையில் வல்லினம் மிகாது' என்ற ஒரு வரியை மட்டும், இலக்கணமே அறியாத ஒருவரிடம் காட்டினால்கூட, 'அப்படியென்றால் வேறெங்கோ மிகும் போலிருக்கிறது' என்று அவர் கேட்பார். மிகுதல் என்ற செய்தியே இல்லாத மொழியில் மிகாது என்று எழுதிவைக்க யாருக்கும் தோன்றாது.

ஆங்கிலப் பழமொழி சொல்ல வருவது முழுவதும் இந்த இரண்டு சொல்லில் அடங்கியிருக்கிறது. அதை நான் சிவப்பு மையால் அடித்தேன்.

மார்ச் 8, இரவு 9.50

சேர்க்க விட்டுப்போனது: குழப்பத்தின் வேர் 'புரூவ்' என்ற சொல்லில் இருக்கிறது என்று எல்லாரும் நினைக்கிறோம். எனக்கு இப்போது அப்படித் தோன்றவில்லை. வேர் மற்ற இரண்டு சொற்களில் இருக்கிறது. விதி என்பதற்கு ஒருவர் விதித்த கட்டளை என்றும் பொருள், இயற்கையில் நாம் கண்டறிந்த ஒழுங்கு என்றும் பொருள். பழமொழி முதற்பொருளுக்கு உரியது. நாம் அதை இரண்டாவதன்மேல் ஏற்றுகிறோம். அவ்வாறே விலக்கு என்பது, விதித்தவரே மனமறிந்து செய்த ஒரு செயல். கணக்கில் ஒத்துவராமல் துருத்திக்கொண்டு நிற்கும் ஒரு பொருளன்று. பரிமேலழகர் அறத்தை 'விதித்தன செய்தலும் விலக்கியன ஒழிதலும்' என்று வரையறுக்கும்போது, விதிக்கவும் விலக்கவும் ஒரு வாய் இருக்கிறது. அந்த வாய் இல்லாத இடத்தில் பழமொழிக்கு வேலை இல்லை.

மார்ச் 9, காலை 6.45

'அப்படியானால் பாலூட்டிகள் குட்டி ஈனும், பிளாட்டிபஸ் முட்டையிடும், விதிவிலக்கு விதியை நிரூபிக்கிறது என்று சொல்வது?'

பிதற்றல். பிளாட்டிபஸுக்கு யாரும் அனுமதிச் சீட்டு எழுதிக்கொடுக்கவில்லை. அங்கே நடந்தது, பாலூட்டிகள் பற்றிய நம் வாக்கியம் தவறு என்று தெரிந்துகொண்டதுதான். அன்னங்கள் எல்லாம் வெள்ளை என்று ஐரோப்பா நம்பிக்கொண்டிருந்தது; 1697இல் டச்சு மாலுமி விளாமிங் மேற்கு ஆஸ்திரேலியாவில் கறுப்பு அன்னங்களைக் கண்டார். விதி அத்தோடு போயிற்று. எந்தப் பழமொழியும் அதைத் தூக்கி நிறுத்த முடியாது.

மார்ச் 9, இரவு 10.30

காலையில் எழுதியது சற்று முரட்டுத்தனமாக இருந்தது. இடையில் ஒரு வகை இருக்கிறது, அதற்கு நியாயம் செய்ய வேண்டும்.

ஆங்கில நடை பற்றி 1926இல் ஒரு புகழ்பெற்ற கையேட்டை வெளியிட்ட ஃபௌலர், இந்தப் பழமொழி ஐந்து விதமாகப் பயன்படுவதாகப் பிரித்துக் காட்டுகிறார். முதலாவது, நாம் இதுவரை பேசிய சட்டப் பொருள். அதற்கு அவர் தரும் எடுத்துக்காட்டு, இன்றிரவு படைவீரர்கள் 11 மணிவரை பாசறைக்கு வெளியே இருக்கச் சிறப்பு அனுமதி என்ற அறிவிப்பு. மற்ற இரவுகளில் அதற்கு முன்பே திரும்பிவிட வேண்டும் என்ற விதி அதில் ஒளிந்திருக்கிறது. கடைசி இரண்டும், வேடிக்கைக்காகச் சொல்லும் அபத்தம், மெய்யாகவே நம்பிச் சொல்லும் அபத்தம். பிளாட்டிபஸ்காரர் இவற்றுள் எது என்பதை அவரே தீர்மானிக்கட்டும்.

இரண்டாவது வகைதான் சுவையானது. எவரையும் பாராட்டியறியாத ஒரு விமர்சகர், பெயரிடாமல் வெளிவந்த நாவல் ஒன்றை வானளாவப் புகழ்கிறார். பாராட்டத் தெரியாதவர் என்ற நம் முடிவு உடைந்துபோகிறது. பிறகு அந்த நாவலை எழுதியவரே அவர்தான் என்று தெரியவருகிறது. இப்போது நம் முடிவு முன்னைவிட உறுதியாகிறது. விலக்குப்போல் தோன்றியது, விசாரித்தபின், விதியின் எல்லைக்கு வெளியே இருந்தது.

வானியலில் இதற்கு இணையான ஒன்று நடந்திருக்கிறது, அதுவும் ஒரே மனிதரின் வாழ்வில் இரண்டு திசையிலும் நடந்திருக்கிறது. யுரேனஸ் கோள் நியூட்டனின் ஈர்ப்பு விதி சொன்ன பாதையில் செல்லவில்லை. விதியைக் கைவிடாமல், கண்ணுக்குப் படாத இன்னொரு கோள் அதை இழுப்பதாகக் கொண்டு, அது எங்கே இருக்க வேண்டும் என்று பிரெஞ்சு வானியலர் லெ வெரியே கணக்கிட்டார். 1846இல் பெர்லினில் கல்லே அந்தத் திசையில் தொலைநோக்கியைத் திருப்பியபோது நெப்டியூன் அகப்பட்டது. விலக்காகத் தோன்றியதே விதிக்குப் பெரிய வெற்றியாக முடிந்தது. அதே லெ வெரியே, 1859இல், புதன் கோளின் பாதையிலும் விலகல் இருப்பதைக் காட்டி, அதே மருந்தைக் கொடுத்தார்: சூரியனுக்கு அருகே வல்கன் என்ற கோள் ஒன்று இருக்க வேண்டும் என்றார். ஆண்டுக்கணக்கில் தேடினார்கள். அப்படி ஒரு கோளே இல்லை. நூற்றாண்டுக்கு 43 விகலை (ஒரு பாகையை 3600 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு விகலை) என்ற அந்தச் சின்ன விலகல், 1915இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலால்தான் தீர்ந்தது. முதல் விலகல் நியூட்டனின் விதியைக் காப்பாற்றியது, இரண்டாவது அதை இடம்பெயர்த்தது. எது எந்த வகை என்பது விலகலைப் பார்த்த அன்றைக்குத் தெரியாது. அந்த நிலையில் 'சோதிக்கிறது' என்ற சொல் மிகப் பொருத்தமானது என்று ஒப்புக்கொள்கிறேன். பழமொழிக்கு அது பொருளில்லை என்பதும் அப்படியே நிற்கிறது.

மார்ச் 11, மாலை 5.20

சோதனை விளக்கம் ஏன் இத்தனை பேரை ஈர்க்கிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். என்னை ஈர்த்த காரணம் எனக்குத் தெரியும்: அதைச் சொல்லும்போது, கேட்பவர் முகத்தில் வியப்பு தோன்றும். 'கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை' என்பது கழுதையைப் பற்றியதே அன்று, கழு என்ற கோரையால் தைத்த பாயைப் பற்றியது என்று சொல்கிறவருக்கும், ஆயிரம் பேரைக் கொன்றவன் என்பது ஆயிரம் வேரைக் கொன்றவன் என்பதன் திரிபு என்று சொல்கிறவருக்கும் கிடைப்பது அதே வியப்புத்தான். பாய்க்கும் வேருக்கும் பழைய சான்று என்ன என்று கேட்டால் பேச்சு மாறிவிடும். சோதனை விளக்கம் அவற்றைவிட ஒருபடி மேல், ஏனென்றால் அந்தச் சொல்லுக்கு அந்தப் பொருள் உண்மையிலேயே இருந்தது. அதனாலேயே அது இன்னும் நன்றாக ஏமாற்றுகிறது. பியர்ஸ் பாவம், கிளிப்பிள்ளைகளைத் திட்டும் அதே பத்தியில் தாமும் ஒன்றாகிவிட்டார், அவரிடமிருந்து நான்.

மார்ச் 12, இரவு 8.40

வடமொழி இலக்கணம் அறிந்த ஒருவர் எழுதிய குறிப்பைப் படித்து, மகாபாஷியம் என்னும் வடமொழி இலக்கணப் பேருரையின் தொடக்கப் பகுதியை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் பதஞ்சலி அங்கே ஒரு கேள்வியை எழுப்புகிறார்: சரியான சொற்களைக் கற்பிப்பதா, பிழையான சொற்களைக் கற்பிப்பதா? ஒன்றைச் சொன்னாலே மற்றது விளங்கிவிடும் என்கிறார். அதற்கு அவர் தரும் உவமை இரண்டு. ஐந்து நகமுள்ள விலங்குகளில் ஐந்து உண்ணத்தக்கவை என்று சொன்னால், மற்றவை உண்ணத்தகாதவை என்று விளங்கும். ஊர்க்கோழி உண்ணத்தகாதது என்று சொன்னால், காட்டுக்கோழி உண்ணத்தக்கது என்று விளங்கும். பசுவைக் குறிக்கும் 'கௌ' என்ற சரியான சொல் ஒன்றுதான், அதன் திரிபுகளோ பல. ஆகவே சரியானதைக் கற்பிப்பதே சுருக்கம் என்று முடிக்கிறார்.

சிசரோவுக்கு ஏறத்தாழ நூறு ஆண்டு முன்பு, அவரை அறியாத ஒருவர், அதே ஊகத்தை இரு திசையிலும் ஓட்டிக் காட்டியிருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். ஒன்றை அனுமதித்தால் மற்றவை தடுக்கப்படுகின்றன, ஒன்றைத் தடுத்தால் மற்றவை அனுமதிக்கப்படுகின்றன. லிஃப்ட் தாள் முதல் வகை. பால்பஸின் வழக்கு இரண்டாம் வகை.

மார்ச் 13, காலை 7.30

இந்த ஊகம் எப்போதும் நம்பத்தக்கதா என்பது அடுத்த கேள்வி. இல்லை, ஆபத்தானதும்கூட. பேக்கனின் பின்பாதிக்குத் திரும்புவதாகச் சொல்லியிருந்தேன் அல்லவா?

அமெரிக்க அரசியலமைப்பு உருவானபோது, குடிமக்களின் உரிமைகளைத் தனிப் பட்டியலாகச் சேர்க்க வேண்டும் என்று பலர் கேட்டார்கள். 1788இல் அலெக்சாந்தர் ஹாமில்டன் அதை எதிர்த்து எழுதினார். செய்வதற்கு அதிகாரமே கொடுக்கப்படாத ஒன்றைச் செய்யலாகாது என்று ஏன் எழுத வேண்டும் என்பது அவருடைய கேள்வி. பத்திரிகைச் சுதந்திரத்தைக் கட்டுப்படுத்தலாகாது என்று எழுதினால், அதைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் அரசுக்கு முன்பே இருந்தது என்று நாளை ஒருவர் வாதிட அது இடம் கொடுத்துவிடும் என்று அஞ்சினார். நம் உரையாசிரியர்களின் மொழியில் சொன்னால், எய்தாததை விலக்கப்போய், எய்தியது என்று ஆக்கிவிடாதீர்கள் என்றார்.

பட்டியல் சேர்க்கப்பட்டது. ஆனால் 1791இல் நிறைவேறிய அந்தத் திருத்தங்களில் ஒன்பதாவது, வேறெந்த உரிமையையும் தருவதில்லை. இங்கே சில உரிமைகள் எண்ணிச் சொல்லப்பட்டிருப்பதைக் கொண்டு, மக்களிடம் உள்ள பிற உரிமைகளை மறுப்பதாகப் பொருள்கொள்ளலாகாது என்று மட்டுமே சொல்கிறது. அதாவது, பழமொழி இந்த ஆவணத்திற்குள் நுழையக் கூடாது என்று வாசலில் ஆள் நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு வாதத்தின் வலிமைக்கு, அதைத் தடுக்கவென்றே தனிச் சட்டத்திருத்தம் எழுத நேர்ந்தது என்பதைவிட நல்ல சான்று எனக்குத் தோன்றவில்லை.

மார்ச் 13, இரவு 9.05

தமிழில் எப்படி எழுதுவது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். 'விதிவிலக்கு விதியை நிரூபிக்கிறது' என்பதை விட்டுவிடுங்கள். அது ஆங்கிலத்தின் குழப்பத்தை அப்படியே இறக்குமதி செய்கிறது. 'விலக்கு உண்டெனின் விதி உண்டு' என்று எழுதிப் பார்த்தேன், ஓசை நன்றாக இருந்தது, ஆனால் எங்கே உண்டு என்ற செய்தி போய்விட்டது. 'விலக்கிய இடம் ஒழிய விதி நிற்கும்' என்பதும் பரவாயில்லை. கடைசியில், 'விலக்குக் கூறியதனாலேயே விதி பெறப்படும்' என்பதைவிடச் சிறந்த வடிவம் எனக்கு அகப்படவில்லை. அது யாருடையது என்று மேலே எழுதியிருக்கிறேன்.

மார்ச் 16, காலை 9.10

லிஃப்ட் அருகே இன்று இரண்டாவது தாள் ஒன்று முளைத்திருக்கிறது. 'ஞாயிற்றுக்கிழமைகளில் லிஃப்டில் வீட்டுச் சாமான்களை ஏற்றக் கூடாது' என்று இருக்கிறது. பழைய தாளைக் கிழிக்கவில்லை; இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டப்பட்டிருக்கின்றன.

மேல்தாளின்படி சனிக்கிழமை ஒழிந்த ஆறு நாளும் கூடாது. அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை கூடாது என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. கீழ்த்தாளின்படி ஞாயிறு ஒழிந்த ஆறு நாளும் கூடும். அப்படியென்றால் சனிக்கிழமைக்குத் தனி அனுமதி வேண்டியதில்லை. காட்டுக்கோழியையும் ஊர்க்கோழியையும் ஒரே கூடையில் அடைத்ததுபோல் இருக்கிறது. திங்கள் முதல் வெள்ளி வரைக்கும் எது விதி என்பதைக் காவலரிடமே கேட்டேன், என்னிடம் இன்னும் ஒரு மேசை வரவேண்டியிருக்கிறது என்பதையும் சொல்லி.

அவர் இரண்டு தாளையும் நிதானமாகப் படித்தார்.

"புதன்கிழமைன்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார்."